மூளை செத்துப் போகுமா, சுருங்கிப் போகுமா?

ஒளிப்பதிவில் நேரம் போதாமல் பாதியிலேயே நின்றுபோன ஒரு கேள்விக்கு இந்த வாரம் இந்தப் பக்கத்தில் பதில் சொல்லப் போகிறேன். அந்தக் கேள்வி பிரிஞ்சாங்கில் எழுந்தது. கேட்டவர் ஒரு தாய்.

கேமரன் மலையில் நிகழ்ச்சி என்றாலே எங்கள் குழுவினருக்குக் கொண்டாட்டம்தான். குளிர், ஸ்ட்ராபெரி, பச்சைக் கம்பளம் விரித்தது போன்ற தேயிலைச் சரிவு! ஆனால் அன்று நாங்கள் எடுத்துக்கொண்ட தலைப்பு போதைப்பொருள். மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பலர் ஒரு காலத்தில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்கள். தலைப்பைச் சொன்னதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, யாரும் வாய் திறக்கவில்லை. நம் சமுதாயத்தில் இந்த விஷயத்தைப் பேசினால், பேசியவர் வீட்டில்தான் அது இருக்கிறது என்று நினைத்துவிடுவார்களே!

கடைசியில் மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஒலிவாங்கியை வாங்கிக்கொள்ளாமலே கேட்டார்.

"ஏம்மா, நீதானே டிவியில சொன்ன, பவுடர் அடிச்சா மூளை செத்துப் போயிடும், திரும்ப வராதுன்னு? எம் மவன் இப்ப தெனம் ஆஸ்பத்திரில ஒரு மருந்து குடிக்கிறான். அதுவும் அதே சாமான்தானாம். அப்ப இருக்கிற மூளையும் போயிடுமில்ல? நிறுத்தச் சொல்லிடவா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்னது உண்மை. பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. டிப்ளோமா முடித்து இந்தத் துறைக்கு வந்த புதிதில், ஒரு போதைப்பொருள் எதிர்ப்பு விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தேன். முப்பது விநாடிதான். 'மூளைச் செல்கள் செத்துவிடும், மீண்டும் வராது' என்று எழுதிக் கொடுத்ததை உணர்ச்சியோடு படித்தேன். அது எந்த அளவுக்குச் சரி என்று நானும் கேட்கவில்லை, எழுதியவரும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை இந்த அம்மா இத்தனை ஆண்டு மனதில் வைத்திருந்து, இன்று மகனின் மருந்தை நிறுத்தலாமா என்ற முடிவு வரை கொண்டுவந்து விட்டார்.

மேடையில் எங்களோடு ஒரு மருத்துவர் இருந்தார். "டாக்டரைக் கேட்காம நிறுத்திடாதீங்கம்மா" என்று மட்டும் அவரால் சொல்ல முடிந்தது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அதன் பிறகு தேநீர்க் கோப்பையோடு அவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஊருக்குத் திரும்பியதும் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. மாஸ் கம்யூனிகேஷன் படித்தவள். புரிந்தவரை, புரியும்படி சொல்கிறேன்.

கசகசாச் செடியில் தொடங்குகிறது

நாம் குருமாவில் அரைத்து ஊற்றுகிறோமே கசகசா, அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து எடுப்பது மார்ஃபின். மார்ஃபினை ரசாயன முறையில் மாற்றினால் ஹெராயின். இருமல் மருந்தில் வரும் கோடீன், முதுகு வலிக்குக் கிளினிக்கில் தரும் டிரமடோல், மருத்துவமனையில் கொடுக்கும் மெதடோன் எல்லாமே இதே பரம்பரையாகவோ இதே வேலையைச் செய்வதாகவோ இருப்பவை. இவற்றுக்குப் பொதுப்பெயர் ஓபியாய்டு. வடமாநிலங்களில் இளைஞர்கள் காய்ச்சிக் குடிக்கும் கெத்தும் இலைக்கும் மூளையில் இதே இடத்தில் வேலை இருக்கிறது.

மலாயாவுக்கு இது புதிதல்ல. ஆங்கிலேய அரசாங்கமே 1910-ல் அபின் வியாபாரத்தைக் குத்தகைக்காரர்களிடமிருந்து தன் கைக்கு மாற்றிக்கொண்டு விற்று, வரியும் லாபமும் பார்த்தது. ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளிக்கு அபின், தோட்டத்துத் தமிழனுக்குக் கள்ளுக்கடை! எழுபதுகளில் ஹெராயின் பரவியது. 1983-ல் போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என்று அரசாங்கம் அறிவித்தது. இன்று பிடிபடுகிறவர்களில் பெரும்பான்மையினர் சியாபு வகையைப் பயன்படுத்துபவர்கள். ஆனாலும் ஹெராயின் ஒழிந்துவிடவில்லை.

நம் மூளையில் இந்த மருந்துகளுக்கென்றே பொருந்தும் பூட்டுகள் இருக்கின்றன. 1973-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். கசகசாச் சாற்றுக்கு நம் தலைக்குள் ஏன் பூட்டு? காரணம், வலியைத் தணிக்க உடம்பே சொந்தமாக ஒரு சாவி செய்து வைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1975-ல் அதையும் கண்டுபிடித்தார்கள். வெளியிலிருந்து வரும் அபின் அந்தப் பூட்டுக்குப் பொருந்திவிடும் கள்ளச் சாவி.

தேயிலை ஆலையில் பார்த்தது

'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று ஆய்வுகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. ஆனால் பிரிஞ்சாங்கில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது என்று பிறகுதான் புரிந்தது. ஏனென்றால் அவர்கள் அன்றாடம் பார்ப்பது அதைத்தான்.

கொழுந்தைப் பறித்து ஆலைக்குக் கொண்டுபோய் வாடவைத்து, ரோலரில் போட்டு நசுக்குகிறார்கள். நசுங்கியதும் இலைக்குள் தனித்தனி அறைகளில் இருந்த சாறுகள் ஒன்றாகக் கலக்கின்றன. விரித்து வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதில் ஏறுகிறது. பச்சை இலை செம்பு நிறமாகி, கறுத்துப் போகிறது. 'புளிக்க வைப்பது' என்று வழக்கத்தில் சொன்னாலும் உண்மையில் நடப்பது ஆக்சிஜனேற்றம். சரியான பதத்தில் சூடான காற்றில் உலர்த்தி அதை நிறுத்துகிறார்கள். கொஞ்சம் விட்டாலும் தேயிலை பாழ்!

மூளையிலும் ஆக்சிஜன் அப்படித்தான். அது இல்லாமல் வாழ முடியாது. கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் செல்லையே அரித்துவிடும். உடல் எடையில் மூளை ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காடு அதற்கே போகிறது. அவ்வளவு எரியும் அடுப்பில் புகையும் இருக்கும் அல்லவா? அந்தப் புகைதான் 'ஃப்ரீ ரேடிக்கல்' எனப்படும் முரட்டு மூலக்கூறுகள். அவை செல்லின் கொழுப்புச் சுவரையும் புரதத்தையும் மரபணுவையும் தாக்குகின்றன. அவற்றை அடக்க ஒவ்வொரு செல்லிலும் குளுட்டாதயோன் போன்ற காவல்காரர்கள் உண்டு. முரடர்கள் பெருகி, காவல்காரர்கள் குறைந்த நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

இதில் ஹெராயினுக்கு என்ன பங்கு? மகிழ்ச்சிக்கான டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களை, எப்போதும் அளவோடு வைத்திருக்கப் பிரேக் போடும் வேறு செல்கள் இருக்கின்றன. ஓபியாய்டு அந்தப் பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. டோபமின் பெருக்கெடுக்கிறது. அதுதான் 'கிக்'. பெருகிய டோபமினை உடம்பு உடைத்து வெளியேற்ற வேண்டும். உடைக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. ஆம், புண் கழுவவும் முடியை வெளுக்கவும் பயன்படுத்துகிறோமே, அதே பொருள்! அளவு கொஞ்சம்தான் என்றாலும், தினமும் நான்கு முறை என்று ஆண்டுக்கணக்கில் நடந்தால் காவல்காரர்கள் களைத்துப் போகிறார்கள். மார்ஃபின் கொடுத்த விலங்குகளின் மூளையில் குளுட்டாதயோன் குறைவதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொரு சங்கதி. டோபமினும் ஆக்சிஜன் பட்டால் தானாகவே கறுக்கும், தேயிலைச் சாறு கறுப்பது போல. இரண்டிலும் 'கேட்டகோல்' என்ற ஒரே மாதிரியான அமைப்பு இருக்கிறது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் பாட்டிமார் வெற்றிலையோடு மென்ற காசுக்கட்டியிலிருந்து! விஞ்ஞானிகள் அதைக் காய்ச்சி வடித்தபோது முதலில் கிடைத்த பொருளுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஹெராயின் பழக்கம் உள்ளவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தாலும் இந்த அழுத்தத்தின் அடையாளங்கள் தெரிகின்றன. ஆனால் இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் சிகரெட்டும் பிடிக்கிறார்கள், சரியாகச் சாப்பிடுவதில்லை, பலருக்குக் கல்லீரல் அழற்சியும் உண்டு. எல்லாப் பழியையும் ஹெராயின் தலையில் மட்டும் போட முடியாது.

பெரிய திருடன் மூச்சுதான்

என்னைக் கேட்டால், மேடைகளில் நாம் மிகக் குறைவாகப் பேசுவது இதைத்தான். ஓபியாய்டு மூளையைக் கெடுக்கும் வழிகளில் மிகக் கொடியது ரசாயனம் அல்ல, மூச்சு. நாம் தூங்கும்போதும் மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ளும் பகுதி மூளையின் அடித்தண்டில் இருக்கிறது. அந்தப் பகுதியிலும் அதே பூட்டு உண்டு. அளவு மீறினால் 'மூச்சு விடு' என்ற கட்டளையே போவதில்லை. ஆள் அமைதியாக உறங்குவது போலத் தெரியும். உதடு நீலமாகும். குறட்டை போன்ற விநோத சத்தம் வரும். 'போதையில தூங்குறான், விடு' என்று வீட்டார் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள்.

ஆக்சிஜன் இல்லாமல் நான்கைந்து நிமிடங்களிலேயே மூளைச் செல்கள் சாகத் தொடங்கிவிடும். நினைவைச் சேமிக்கும் பகுதிதான் முதலில் அடிபடுகிற இடங்களில் ஒன்று. பிழைத்து எழுந்தவர், நேற்று யார் வந்தார்கள் என்பதை மறந்து நிற்பது இதனால்தான். மூச்சு திரும்பி ஆக்சிஜன் திடீரென்று பாயும்போது முரட்டு மூலக்கூறுகள் ஒரே வேகத்தில் பொங்குவது இரண்டாவது அடி. ஒவ்வொரு முறை மயங்கி விழும்போதும் இது நடக்கிறது. ஆகவே, எழுப்பியும் எழாமல், மூச்சு விட்டு விட்டு வருகிறதென்றால் 999-ஐ அழைக்க வேண்டும். ஆளைப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். மூச்சே இல்லையென்றால் செயற்கை சுவாசம் கொடுக்கத் தெரிந்தவர் கொடுக்க வேண்டும். மருத்துவமனையில் நாலொக்சோன் என்ற ஊசி இருக்கிறது. கள்ளச் சாவியைப் பூட்டிலிருந்து தட்டிவிடும் மருந்து அது. போலீஸ் வருமே என்ற பயத்தில் காத்திருந்தவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்திருக்கிறார்கள்.

ஈயத்தாளில் சூடாக்கிப் புகையை இழுப்பவர்களுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. ஊசி இல்லாததால் இது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் நம்மிடையே அதிகம். 1982-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் இப்படிப் புகைத்த 47 பேருக்கு மூளையின் வெள்ளைப் பகுதி பஞ்சு போல் ஆனதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பேச்சு குழறி, நடை தள்ளாடி, அவர்களில் 11 பேர் இறந்தார்கள். அபூர்வமான நோய்தான். ஆனால் அதற்குப் பிறகும் பல நாடுகளில் வந்திருக்கிறது. செல்லுக்குள் ஆக்சிஜனை எரித்துச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதாவது இதில் தெரிகிறது.

செத்ததா, சுருங்கியதா?

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். மூளை செத்துப் போய்விடுமா?

1996-ல் அமெரிக்காவில் எலிகளுக்குத் தொடர்ந்து மார்ஃபின் கொடுத்து, டோபமின் சுரக்கும் செல்களை அளந்து பார்த்தார்கள். செல்கள் ஏறக்குறைய 25 விழுக்காடு சிறுத்திருந்தன. சிறுத்துத்தான் இருந்தன, சாகவில்லை. வளர்ச்சிக்கு உதவும் ஒரு புரதத்தை உள்ளே செலுத்தியபோது அந்தச் சுருக்கம் ஏற்படாமல் தடுக்கப்பட்டது. பின்னர் ஹெராயின் பழக்கத்தோடு இறந்துபோன மனிதர்களின் மூளையிலும் அதே சுருக்கத்தைப் பார்த்தார்கள். 2000-ல் வந்த இன்னோர் ஆய்வில், நினைவுப் பகுதியில் புதிய செல்கள் பிறப்பதை மார்ஃபினும் ஹெராயினும் குறைப்பது எலிகளில் தெரிந்தது.

தண்ணீர் இல்லாமல் வாடிய தேயிலைச் செடிக்கும், வேரோடு பட்டுப்போன செடிக்கும் உள்ள வித்தியாசம் கொழுந்து பறித்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூச்சு நின்று செத்த செல் திரும்பாது. ஆனால் நாள்பட்ட பழக்கத்தால் வாடிய செல்லுக்கு வாய்ப்பு இருக்கிறது. நான் விளம்பரத்தில் படித்த வரி இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டது.

மகன் குடிக்கும் மருந்து மெதடோன். மலேசியாவில் 2005 அக்டோபரில் தொடங்கிய திட்டம் இது. மெதடோனும் ஓபியாய்டுதான். அந்த அம்மா சொன்னதில் தவறில்லை. ஆனால் ஹெராயின் சில மணி நேரத்தில் ஏறி, இறங்கி, உடம்பை உதறவைத்து, மீண்டும் தேடவைக்கும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை மூளைக்கு இந்த ஏற்றமும் இறக்கமும். மெதடோன் மெதுவாக ஏறி, ஒரு நாள் முழுக்கச் சமமாக நிற்கும். அளந்து கொடுப்பதால் மூச்சு தப்புகிறது. ஊசி இல்லை, கலப்படம் இல்லை, ஈயத்தாள் புகை இல்லை. மகன் காலையில் குடித்துவிட்டுக் காய்கறித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறான் என்று அந்த அம்மாவே சொன்னார். மெதடோன் முற்றிலும் சாது என்றும் நான் சொல்ல மாட்டேன். அளவு மீறினால் அதுவும் மூச்சை நிறுத்தும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்.

நிறுத்தினால் என்ன ஆகும்? நம் நாட்டிலேயே இதற்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. ஜோகூர் மூவாரில் ஹெராயினை விட்ட 126 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் ஆலோசனை உண்டு. ஒரு குழுவுக்கு மெதடோனைப் போன்ற புப்ரினார்ஃபின் என்ற மருந்து, ஒரு குழுவுக்குப் பூட்டை அடைத்துவிடும் நால்ட்ரெக்சோன், ஒரு குழுவுக்கு வெறும் மாத்திரை. புப்ரினார்ஃபின் எடுத்தவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் ஹெராயின் பக்கம் போகாமல் இருந்தார்கள். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி முடித்துக்கொண்டார்கள். 2008-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் அது வெளியானது. மனஉறுதி இருந்தால் போதும், பிள்ளையை அறையில் பூட்டிவைத்தால் போதும் என்று நம்புகிறவர்கள் இந்த மூவார் ஆய்வைக் கவனிக்க வேண்டும்.

இன்னும் பயங்கரமானது ஒன்று உண்டு. சில மாதம் மருந்தில்லாமல், லாக்கப்பிலோ மையத்திலோ இருந்து வெளியே வந்தவன் உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்திருக்கும். பழைய நினைப்பில் பழைய அளவையே போடுவான். மூச்சு நின்றுவிடும். வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் சாவுகள் அதிகம் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த உண்மை.

2010-ல் கோலாலம்பூரில் ஒரு பள்ளிவாசலிலேயே மெதடோன் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் உதவினார்கள். நம் கோயில் மண்டபங்களில் கல்யாணம் நடக்கிறது, கட்சிக் கூட்டம் நடக்கிறது. இதையும் ஏன் யோசிக்கக் கூடாது?

அதே மண்டபத்தில் இன்னொரு பெரியவர் தயங்கித் தயங்கி வந்தார். மனைவிக்குப் புற்றுநோய். மார்ஃபின் திரவம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். "பைத்தியமாயிடுவாளோன்னு பாட்டிலத் தொறக்கவே இல்ல தங்கச்சி. ராத்திரியெல்லாம் கத்துறா" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மருத்துவர் அவருக்குப் பொறுமையாகச் சொன்னார். அளந்து, வாய் வழியே, வலிக்குத் தக்கபடி கொடுக்கும் மார்ஃபின் வேறு. கிக்குக்காகப் போடும் ஹெராயின் வேறு. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து தருவோம். தூக்கம் அதிகமானால் சொல்லுங்கள், அளவைக் குறைப்போம். வலியோடு துடிப்பதும் மூளைக்கு நல்லதல்ல, அண்ணே.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதுகு வலிக்கு ஒரு மாதம் தினமும் மார்ஃபின் எடுத்த 10 பேரின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2011-ல் வந்தது. உணர்ச்சியோடு தொடர்புடைய ஒரு பகுதி சற்றுச் சிறுத்திருந்தது. நிறுத்திச் சில மாதம் ஆன பின்னும் அந்த மாற்றம் தெரிந்தது. ஆகவே சாதாரண இடுப்பு வலிக்கு யாரோ கொடுத்த மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது சரியல்ல. புற்றுநோயின் கடைசிக் கட்ட வலி அந்தக் கணக்கில் வராது. பெரியவர் அன்று மாலையே பாட்டிலைத் திறந்ததாக, தொலைபேசியில் சொன்னார்.

புறப்படும் நேரத்தில் ஒரு தம்பி ஓடிவந்து கேட்டார். "அக்கா, தேத்தண்ணியில ஆன்டிஆக்சிடன்ட் இருக்குன்னு டப்பாவிலேயே போட்டிருக்கே, நெறைய குடிச்சா மூளை சரியாயிடுமா?" எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி விளையாட்டல்ல. இதே வார்த்தையைச் சொல்லி, நூற்றுக்கணக்கான வெள்ளிக்கு மாத்திரை விற்பவர்கள் லயம் லயமாக வருகிறார்கள். எலிகளில் சில பலன்கள் தெரிந்திருக்கின்றன என்பது மெய்தான். ஆம்ஸ்டர்டாம் நோய் போன்ற பாதிப்பு வந்த சிலருக்கு மருத்துவர்கள் அத்தகைய மருந்துகளைக் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. ஆனால் ஹெராயினால் வாடிய மனித மூளையை இந்த மாத்திரை மீட்கும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. தேநீரை நன்றாகக் குடியுங்கள் தம்பி, மெதடோனுக்குப் பதிலாக வேண்டாம் என்றேன். மகனின் தாயும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நாளைக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன்" என்றார். "ஏழு மணிக்குள்ள பஸ் புடிச்சாத்தான் வேலைக்கு நேரத்துக்குப் போவான்."